அமெரிக்கக் கல்லூரியில் ‘ஃபுல் ஸ்காலர்ஷிப்’ நிஜமா? ஓட்டத்துக்கு எவ்வளவு, தாண்டலுக்கு எவ்வளவு... பணம் பிரியும் கணக்கு இதுதான்!

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓடுவதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. 1956-ல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம் தன் ஊழியர்களுக்காகக் கட்டிய ஊர் இது. அகலமான சாலை, மரநிழல், பள்ளிக்கூட மைதானங்கள், பாரதி ஸ்டேடியம் என எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதி நடத்தும் ஊர்களிலும் நெய்வேலி உண்டு.

இப்படிப்பட்ட ஊரில், மாநில அளவில் மெடல் வாங்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் பிளஸ் டூ நெருங்கும்போது ஒரு பேச்சு கிளம்பும். “அமெரிக்கால ஸ்போர்ட்ஸுக்கு ஃபுல் ஸ்காலர்ஷிப் தர்றாங்களாமே, நம்ம பிள்ளைக்குக் கிடைக்காதா?”

தர்றாங்க. ஆனால் யாருக்கு, எவ்வளவு என்பது பிள்ளை எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவாவதில்லை. என்ன ஈவென்ட், அந்த ஈவென்ட்டில் அந்தக் கல்லூரிக்கு எத்தனை பாயின்ட் வரும் என்பதுதான் அங்கே கணக்கு. இது தெரியாமல் கன்சல்டன்சிக்குப் பணம் கட்டினால் கடைசியில் வீட்டு பட்ஜெட்தான் அடி வாங்கும்.

புரிவதற்காக இரண்டு பிள்ளைகளைக் கற்பனை செய்துகொள்வோம். இருவருமே நெய்வேலி, இருவருமே மாநில அளவில் வெள்ளி. ஒருவர் 800 மீட்டர். இன்னொருவர் டிரிபிள் ஜம்ப். இருவர் கையிலும் ஒரே மாதிரி சர்டிபிகேட்தான். ஆனால் அமெரிக்கக் கோச்சின் மேஜையில் இரண்டும் ஒன்றல்ல. ஏன்?

தலைக்கு ஒன்று அல்ல, பங்கு போடுவது

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்சிஏஏ. அதன் உச்ச அடுக்கான டிவிஷன் ஒன்றில், ஓர் ஆண்கள் தடகள அணிக்குப் பல ஆண்டுகளாக இருந்த உச்சவரம்பு 12.6 ஸ்காலர்ஷிப். பெண்கள் அணிக்கு 18.

அது என்ன 12.6? இது ஆள் கணக்கு அல்ல, பணக் கணக்கு. 12.6 பேருடைய முழுச் செலவுக்குச் சமமான தொகையைக் கோச் தன் விருப்பப்படி உடைத்துக் கொடுக்கலாம். ஒருவருக்கு முழுசு, இன்னொருவருக்குப் பாதி, மற்றொருவருக்குக் கால், சிலருக்கு வெறும் புத்தகச் செலவு. ஜெர்சி மட்டும் வாங்கிக்கொண்டு சொந்தக் காசில் படிப்பவர்களும் அணியில் உண்டு.

இந்த ஒரே பானையிலிருந்துதான் ஸ்பிரின்ட், ஹர்டில்ஸ், நடுத்தூரம், நெடுந்தூரம், ஜம்ப்ஸ், த்ரோ, டெகத்லான் என எல்லாருக்கும் ஊற்ற வேண்டும். இலையுதிர் காலத்தில் நடக்கும் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கும் இதுவேதான். 30 பேர் உள்ள அணி சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 0.42. அதாவது செலவில் 42 சதவீதம். முழு ஸ்காலர்ஷிப் என்பது எல்லாருக்கும் கிடைப்பதல்ல என்பதற்கு இந்த ஒரு வகுத்தலே போதும்.

பெண்களுக்கு ஏன் 18? 1972-ல் வந்த ‘டைட்டில் 9’ சட்டம், கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்கிறது. ஆண்கள் ஃபுட்பால் அணிக்கு மட்டும் 85 முழு ஸ்காலர்ஷிப் போய்விடுவதால், மற்ற விளையாட்டுகளில் பெண்கள் பக்கம் கூடுதலாக வைத்து ஈடுகட்ட வேண்டியிருந்தது. ஒரே திறமையுள்ள அண்ணன், தங்கையில் தங்கைக்குக் கூடுதல் பங்கு கிடைக்கும் வாய்ப்பு இருந்ததற்கு இதுவே காரணம்.

டிவிஷன் இரண்டில் ஆண், பெண் இரு அணிகளுக்கும் 12.6. டிவிஷன் மூன்றில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்காகப் பணம் தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி.

பாயின்ட்தான் பணம்

என்சிஏஏ வெளியரங்க சாம்பியன்ஷிப்பில் ஆண்களுக்கு 21 ஈவென்ட், பெண்களுக்கும் 21. ஒவ்வொன்றிலும் முதல் 8 இடங்களுக்கு 10, 8, 6, 5, 4, 3, 2, 1 என்று பாயின்ட். ஒன்பதாவது வந்தால் பூஜ்யம்.

அந்த 21-ஐப் பிரித்துப் பாருங்கள். ஸ்பிரின்ட், ஹர்டில்ஸ், ரிலே சேர்ந்து 7. 800 மீட்டரிலிருந்து 10,000 மீட்டர் வரை, ஸ்டீபிள்சேஸ் உட்பட 5. ஜம்ப்ஸ் 4. த்ரோ 4. டெகத்லான் அல்லது ஹெப்டத்லான் 1. ஒவ்வொரு ஈவென்ட்டிலும் மொத்தம் 39 பாயின்ட் என்பதால், கோச்சுக்கு இந்தப் பட்டியல்தான் சந்தை நிலவரம்.

பட்டம் வெல்ல எவ்வளவு வேண்டும்? 2025-ல் ஆண்கள் பட்டத்தை டெக்சாஸ் ஏ அண்ட் எம், தெற்கு கலிபோர்னியா ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் தலா 41 பாயின்ட்டோடு பகிர்ந்துகொண்டன. 41 என்பது நான்கு முதலிடமும் ஒரு எட்டாமிடமும் மட்டுமே. அதாவது நாடே திரும்பிப் பார்க்கும் ஐந்தாறு பேர் இருந்தால் போதும். எல்லா ஈவென்ட்டிலும் சுமாரான 40 பேரை வைத்திருப்பதைவிட இது லாபம் என்று பல கோச்சுகள் நினைப்பதில் ஆச்சரியமில்லை.

அதனால் ஸ்காலர்ஷிப் பேச்சில் முதலில் வரும் கேள்வி, ‘இந்தப் பிள்ளை தேசிய அளவில் கடைசி எட்டுக்குள் வருமா?’ அடுத்தது, ‘அந்த அளவுக்கு வராவிட்டாலும், எங்கள் கான்ஃபரன்ஸ் போட்டியில் பாயின்ட் எடுக்குமா?’ கான்ஃபரன்ஸ் என்பது நம்மூர் ஜோன் மாதிரி, பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த குழு. மிகப் பெரும்பாலான அணிகளுக்கு அந்தப் பட்டம்தான் நடைமுறை இலக்கு.

எந்த குரூப்புக்கு என்ன மதிப்பு?

ஸ்பிரின்ட்: ஒரே ஆள் 100, 200 ஓடி, ரிலேயிலும் இறங்கலாம். ஒருவருக்குக் கொடுத்த பணம் மூன்று இடத்தில் பாயின்ட்டாகத் திரும்பி வரும். அதனால் முழு ஸ்காலர்ஷிப் பேச்சு அதிகம் அடிபடுவது இங்கேதான். ஆனால் அமெரிக்காவிலேயே அள்ள அள்ளக் குறையாத ஸ்பிரின்டர்கள் இருக்கிறார்கள். ஜமைக்காவும் பக்கத்தில். வெளியிலிருந்து வருபவருக்குக் கதவு மிகக் குறுகல்.

நெடுந்தூரம்: இந்த குரூப்புக்கு மூன்று சீசன். இலையுதிர் காலத்தில் கிராஸ் கன்ட்ரி, குளிர்காலத்தில் உள்ளரங்கம், வசந்தத்தில் வெளியரங்கம். கிராஸ் கன்ட்ரியில் ஓர் அணியிலிருந்து 7 பேர் ஓடுவார்கள், முதல் 5 பேருடைய இடங்களைக் கூட்டி, குறைந்த கூட்டுத்தொகை உள்ள அணி ஜெயிக்கும். ஒரு நட்சத்திரம் போதாது. ஐந்தாவது ஆளும் நன்றாக ஓட வேண்டும். அதனால் இந்த குரூப்பில் பணம் துண்டு துண்டாகப் பலருக்குப் பிரியும். கல்லூரியின் குணமும் முக்கியம். வடக்கு அரிசோனா பல்கலைக்கழகம் 2016 முதல் 2022 வரையிலான ஏழு சீசனில் ஆறு முறை ஆண்கள் கிராஸ் கன்ட்ரி பட்டம் வென்றது. அப்படிப்பட்ட இடத்தில் நெடுந்தூரம்தான் ராஜா. ஸ்பிரின்ட்டுக்குப் பெயர் பெற்ற கல்லூரியில் அதே ஓட்டக்காரருக்கு மிச்சம் மீதிதான்.

இங்கே போட்டி யாரோடு என்பதையும் பார்க்க வேண்டும். 2024 பெண்கள் கிராஸ் கன்ட்ரி சாம்பியன் டோரிஸ் லெம்ங்கோலே, கென்யாவிலிருந்து அலபாமா பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். 2019 ஆண்கள் சாம்பியன் எட்வின் குர்கட், அவரும் கென்யா. ஓடியது அயோவா ஸ்டேட்டுக்காக. வெளிநாட்டு மாணவருக்கென்று கோச் ஒதுக்கும் பணம் முதலில் போவது இவர்களிடம்தான்.

ஜம்ப்ஸ்: ஒருவருக்குப் பொதுவாக ஒன்று, மிஞ்சினால் இரண்டு ஈவென்ட். ஆனால் உள்ளரங்கம், வெளியரங்கம் இரண்டிலும் பாயின்ட். உச்ச அளவில் தாண்டுபவர் எண்ணிக்கையில் குறைவு என்பதால், உலகத் தரத்தில் ஓர் அளவு கையில் இருந்தால் கோச்சே தேடி வருவார்.

இதற்கு நல்ல உதாரணம் தேஜஸ்வின் சங்கர். டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 2016-ல் கோயம்புத்தூரில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியில் 2.26 மீட்டர் தாண்டி, உயரம் தாண்டுதலில் சீனியர் தேசிய சாதனையையே முறியடித்தார். அடுத்த ஆண்டே கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப். ஏன் அந்தக் கல்லூரி? லண்டன் ஒலிம்பிக் பதக்கக்காரர் எரிக் கைனார்டை உருவாக்கிய கோச் கிளிஃப் ரொவெல்டோ அங்கேதான் இருந்தார். அதாவது அது உயரம் தாண்டுதலில் முதலீடு செய்யும் கல்லூரி. தேஜஸ்வின் 2018, 2022 இரண்டு ஆண்டும் என்சிஏஏ வெளியரங்கப் பட்டம் வென்றார். கல்லூரி போட்ட பணத்துக்கு ஒவ்வொரு முறையும் 10 பாயின்ட்.

த்ரோ: குண்டு, வட்டு, சுத்தியல் என்று ஒரே ஆள் இரண்டு மூன்று எறியலாம். சென்னையைச் சேர்ந்த கிருஷ்ணா ஜெயசங்கர் குண்டு எறிதலில் அமெரிக்கா போனவர். முதலில் எல் பாசோவில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், பிறகு லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகம். உள்ளரங்கத்தில் 16 மீட்டரைத் தாண்டிய முதல் இந்தியப் பெண் அவர்தான். இடையில் கல்லூரி மாறியதையும் கவனியுங்கள். அங்கே அணி மாறுவது சகஜம்.

இப்போது நம் இரண்டு நெய்வேலிப் பிள்ளைகளிடம் திரும்புவோம். 800 மீட்டர் பிள்ளைக்குப் போட்டி அமெரிக்கா முழுக்க, அதோடு கிழக்கு ஆப்பிரிக்காவும். டிரிபிள் ஜம்ப் பிள்ளைக்கு வரிசை சின்னது. மெடல் ஒன்றுதான், மதிப்பு வேறு.

2025-ல் எல்லாம் மாறியதாமே?

மாறியது உண்மை. ‘ஹவுஸ் எதிர் என்சிஏஏ’ வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூன் 6-ம் தேதி நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். 2025-26 முதல் இதில் சேரும் கல்லூரிகளுக்கு 12.6, 18 என்ற வரம்பு கிடையாது. அதற்குப் பதில் ஆள் வரம்பு: தடகள அணியில் 45 பேர், கிராஸ் கன்ட்ரியில் 17 பேர். கல்லூரி நினைத்தால் 45 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம்.

“அப்படின்னா இனிமே ஈஸிதானே?” அவசரப்பட வேண்டாம். ‘கொடுக்கலாம்’ என்பது அனுமதி. ‘கொடுத்தே ஆக வேண்டும்’ என்று யாரும் சொல்லவில்லை. அதே சமரசம், கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாக வருவாய்ப் பங்கு தரலாம் என்கிறது. முதல் ஆண்டு வரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். அந்தப் பணத்தில் பெரும்பங்கு டிவியில் கல்லா நிரப்பும் ஃபுட்பாலுக்கும் பேஸ்கட்பாலுக்கும்தான் போகிறது. டிக்கெட் விற்காத தடகளத்துக்குப் புதுப் பணம் எங்கிருந்து வரும் என்பது ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிக் கேள்வி.

இன்னொரு விளைவு, இடமே அரிதாகிவிட்டது. முன்பெல்லாம் காசு இல்லாவிட்டாலும் அணியில் சேர்ந்து, இரண்டு வருடத்தில் முன்னேறி, பிறகு ஸ்காலர்ஷிப் வாங்கும் வழி இருந்தது. 45-க்கு மேல் ஆள் வைத்திருந்த அணிகள் முதலில் கைவைப்பது இவர்கள் மேல்தான். மெதுவாக மேலே வரும் நெடுந்தூர ஓட்டக்காரருக்கு இது பெரிய இழப்பு. 18 வயதிலேயே முழுசாகப் பழுத்திருக்க வேண்டும் என்கிறது புதுக் கணக்கு.

நம்ம ஊரில் எப்படி?

இங்கே யாரும் ஈவென்ட் வாரியாகப் பணம் பிரிப்பதில்லை. இடம் பிரிக்கிறார்கள். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். எம்பிபிஎஸ்ஸில் 7. அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு. மூன்றிலும் பேசுவது சர்டிபிகேட்: சர்வதேசமா, தேசியமா, மாநிலமா, என்ன இடம் என்பதுதான். 800 மீட்டர் வெள்ளிக்கும் டிரிபிள் ஜம்ப் வெள்ளிக்கும் ஒரே எடை. எத்தனை வினாடி, எத்தனை மீட்டர் என்று கலந்தாய்வு கேட்காது.

அமெரிக்காவில் தலைகீழ். மெடல் இரண்டாம்பட்சம். மாவட்டப் போட்டியில் நாலாவதாக வந்தாலும், மின்னணு நேரக்கணிப்பில் பதிவான நல்ல டைம் இருந்தால் அது பேசும். இங்கே சர்டிபிகேட், அங்கே டைம். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அமெரிக்க மாதிரிக்கு இந்தியாவில் கொஞ்சம் நெருங்கி வருவது கர்நாடகத்தின் மூடபித்ரி. அங்குள்ள ஆள்வாஸ் கல்விக் குழுமம் தடகள மாணவர்களைத் தத்தெடுத்து இலவசமாகப் படிக்க வைக்கிறது. அவர்கள் பலத்தில்தான் மங்களூர் பல்கலைக்கழகம் அகில இந்தியப் பல்கலைக்கழகத் தடகளத்தில் கொடிகட்டிப் பறக்கிறது. 2018 ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஹர்டில்ஸில் 48.96 வினாடியில் வெள்ளி வென்ற திருப்பூர் மாவட்டத்துப் பிள்ளை தருண் அய்யாசாமி ஆள்வாஸில் படித்தவர்தான். அமெரிக்கா போகாமலேயே திறக்கும் கதவு இது.

தேர்வாகும் கேலோ இந்தியா வீரர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுத் தொகை தனியாக உண்டு. இந்த வழிகளில் எதுவும் வீட்டை அடமானம் வைக்கச் சொல்வதில்லை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

வீட்டுக் கணக்கு

ஓர் உதாரணம். கல்லூரியின் ஆண்டுச் செலவு 50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கோச் 40 சதவீதம் தருகிறார், அதாவது 20,000 டாலர். கேட்க நன்றாக இருக்கும். மிச்சம் 30,000 டாலர் வீட்டிலிருந்து. டாலருக்கு 85 ரூபாய் என்று போட்டாலே ஆண்டுக்கு 25.5 லட்சம். நாலு வருடத்துக்கு ஒரு கோடியைத் தாண்டும். விசாவுக்கு முன்பே அந்தப் பணம் இருக்கிறது என்று காட்டவும் வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர், வகுப்பு நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம். அதில் இந்த இடைவெளி அடையாது.

அடைக்க ஒரு வழி உண்டு: மார்க். விளையாட்டுப் பணத்தோடு படிப்புக்கான உதவித்தொகையையும் சேர்த்துத் தரும் கல்லூரிகள் நிறைய. சின்னத் துண்டு மட்டுமே மிச்சம் வைத்திருக்கும் கோச்சுக்கு, நல்ல மார்க் உள்ள ஓட்டக்காரர் மலிவாகக் கிடைக்கும் ஆள். 800 மீட்டர் பிள்ளைக்கு டிரிபிள் ஜம்ப் பிள்ளையை முந்த வழி இங்கேதான் இருக்கிறது. காலை பிராக்டீஸுக்காக டியூஷனை வெட்டும் வீடுகள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. கல்லூரிப் போட்டி முடிவுகள் இணையத்தில் பொதுவில் இருக்கின்றன. டிவிஷன் ஒன்றில் கிழக்கு, மேற்கு என்று பிரித்து, தனிநபர் ஈவென்ட் ஒவ்வொன்றிலும் தலா 48 பேர் அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள். அந்த 48-வது ஆளின் அளவுக்குப் பக்கத்தில் பிள்ளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதற்கு எந்த ஏஜென்ட்டும் தேவையில்லை.

2. அந்தக் கல்லூரி கடைசி மூன்று ஆண்டுகளில் எந்த ஈவென்ட்டில் பாயின்ட் எடுத்தது? உங்கள் ஈவென்ட்டுக்குத் தனிக் கோச் இருக்கிறாரா? பணம் எங்கே போகிறது என்பதை இந்த இரண்டும் காட்டிக்கொடுக்கும்.

3. ஸ்காலர்ஷிப் எத்தனை ஆண்டுக்கு? பல கல்லூரிகளில் ஆண்டுக்கொரு முறை புதுப்பிப்புதான். காயம்பட்டால் என்ன, கோச் மாறினால் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் மெசேஜ் ஒப்பந்தம் ஆகாது.

4. அந்த அணி 45 பேர் வரம்புக்குள் வருகிறதா? பிள்ளைக்கு இடம் உறுதியா, இல்லை ‘வந்து ட்ரை பண்ணட்டும்’ என்கிறார்களா?

5. பிளஸ் டூ முடித்து எத்தனை நாள் ஆகிறது? ஓராண்டுக்கு மேல் தாமதித்து, அந்த இடைவெளியில் போட்டிகளில் ஓடிக்கொண்டிருந்தால் கல்லூரியில் விளையாடும் ஆண்டுகளில் கைவைக்கப்படலாம். ‘ஒரு வருஷம் நல்லா டிரெயினிங் எடுத்துட்டுப் போகட்டும்’ என்ற முடிவுக்கு முன் இதைச் சரிபாருங்கள்.

6. “கிடைக்கும் ஸ்காலர்ஷிப்பில் இத்தனை சதவீதம் எனக்கு” என்று எந்த ஏஜென்ட்டாவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஸ்காலர்ஷிப் தொகையை வைத்துக் கட்டணம் வாங்குவதை என்சிஏஏ விதி அனுமதிப்பதில்லை. மாட்டினால் பிள்ளையின் விளையாடும் தகுதிக்கே ஆபத்து.

ஏழாவதாக ஒன்று, இது கோச்சிடம் அல்ல, வீட்டுக்குள் கேட்க வேண்டியது. பத்தாவது படிக்கும்போதே கேட்டால் இன்னும் நல்லது: இந்தப் பிள்ளைக்கு வேண்டியது சர்டிபிகேட்டா, டைமா? தமிழ்நாட்டில் சீட், அரசு வேலை என்றால் மெடல் வரும் போட்டிகளைத் தேர்ந்தெடுத்து ஓட வேண்டும். அமெரிக்கா என்றால் மின்னணு நேரக்கணிப்பு உள்ள, நல்ல எதிராளிகள் வரும் போட்டிகளைத் தேடிப் போக வேண்டும், அங்கே ஏழாவதாக வந்தாலும் பரவாயில்லை. இரண்டு வழிக்கும் கால் ஒன்றுதான். ஆனால் பிராக்டீஸ் அட்டவணையும் பேங்க் பாஸ்புக்கும் வேறு வேறு.